ஸ்லௌவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு மேற்கே, ஹீத்ரோ விமான நிலையத்தைத் தாண்டியதும் வரும் ஊர் ஸ்லௌ. ('ஸ்லோ' என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முழிப்பார்.) வேலைக்காக இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு அடுத்தபடி கேட்பது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். ஒரே பதிலைப் போனில் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். என் பிள்ளைகள் இருவரும் இந்த ஊரில்தான் படித்தார்கள். பெரியவளுக்கு, தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல் கிடைத்தது, சின்னவனுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ஸ்லௌ பள்ளிகள் நல்ல பள்ளிகள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் பாதி, நான்கே நான்கு பள்ளிகளைப் பற்றியது: ஹெர்ஷல் கிராமர், லாங்லி கிராமர், செயின்ட் பெர்னார்ட்ஸ் கத்தோலிக்க கிராமர், அப்டன் கோர்ட் கிராமர். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் அரசுப் பள்ளிகள் இவை. கட்டணம் கிடையாது, நான்குமே ஆண் பெண் இருபாலரும் படிப்பவை. ஊரில் 11 வயதுக்கு மேல் படிக்கும் செகண்டரி பள்ளிகள் மொத்தம் பதினைந்தை ஒட்டித்தான் இருக்கின்றன என்பதால், எண்ணிக்கையில் கால்வாசி கிராமர். இங்கிலாந்து முழுக்க இருப்பதே 163 கிராமர் ஸ்கூல்கள். ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் உள்ள ஊருக்கு நான்கு என்பது பெரிய பங்கு.

பக்கத்து விண்ட்சரில் கிராமர் ஸ்கூலே இல்லையே, இங்கே மட்டும் எப்படி?

எல்லைக்கோடு செய்த வேலை. ஸ்லௌ 1974 வரை பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் இருந்தது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் நாடு முழுக்கப் பரவலாக இருந்த முறை, 11 வயதில் ஒரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பது. 1965-இல் தொழிற்கட்சி அரசு, இதைக் கைவிட்டு எல்லோரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளுக்கு மாறுங்கள் என்று சுற்றறிக்கை விட்டது. பெரும்பாலான மாவட்டங்கள் மாறின, பக்கிங்ஹாம்ஷயர் அசையவில்லை. 1974-இல் எல்லையைத் திருத்தி ஸ்லௌவை பெர்க்ஷயரில் சேர்த்தபோது, இந்த ஊர் பழைய பள்ளிமுறையையும் சீதனம் மாதிரி கூடவே கொண்டுவந்துவிட்டது. 1998-இல் பெர்க்ஷயர் கவுண்டி கவுன்சிலே கலைந்து ஸ்லௌ தனி நிர்வாகம் ஆனது. அதே ஆண்டு வந்த சட்டம் புதிய கிராமர் ஸ்கூல்களுக்குத் தடை போட்டது. ஆக இருப்பது இருக்கும், புதிதாக வராது.

விண்ட்சர் கதை இன்னும் விசித்திரம். அங்கே மூன்றடுக்கு முறை: 9 வயது வரை ஒரு பள்ளி, 13 வரை இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. தேம்ஸ் நதிப் பாலம் ஒன்றைத் தாண்டினால் பள்ளி ஏணியே வேறு. அங்கே வீடு பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள், பாதியில் மாறினால் குழப்பம்.

ஜிசிஎஸ்ஈ முடிவுகளில் ஸ்லௌ நாட்டு சராசரியைவிட மேலே இருக்கிறது. அப்படியென்றால் என் பிள்ளையும் இங்கே நன்றாகப் படிப்பான், இல்லையா?

என்னிடம் வரும் கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். வீடு வாங்கும் முடிவையே சிலர் இந்த எண்ணை வைத்து எடுக்கிறார்கள்.

ஜிசிஎஸ்ஈ என்பது 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு. அதில் ஸ்லௌவின் சராசரி பல ஆண்டுகளாக நாட்டு சராசரியைவிட நன்றாகவே மேலே. ஆனால் 11 வயதில் எழுதும் தேர்வில் இதே ஊர் கிட்டத்தட்ட நாட்டோடு சேர்ந்துதான் போகிறது. இடையில் ஐந்து வருடத்தில் என்ன மாயம் நடந்தது? பள்ளிகளின் உழைப்பு கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. மீதிக் காரணம் ரயிலில் வருகிறது. ஹவுன்ஸ்லோ, ஹில்லிங்டன், ஈலிங், ஹாரோ என்று மேற்கு லண்டன் முழுக்க இருந்து பிள்ளைகள் இந்த நான்கு கிராமர் ஸ்கூல்களுக்கு வருகிறார்கள். ஊர்வாரியாக வெளியாகும் வழக்கமான பட்டியலில் மாணவர் எங்கே குடியிருக்கிறார் என்று பார்ப்பதில்லை, பள்ளி எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். மேற்கு லண்டனின் சவுத்ஹாலில் தூங்கி எழுந்து ஸ்லௌவின் லாங்லியில் படிக்கும் பிள்ளை வாங்கும் மார்க், ஸ்லௌ கணக்கில் ஏறுகிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். நூறு பிள்ளைகளில் 25 பேர் கிராமரில் சராசரி 70 எடுக்கிறார்கள், மீதி 75 பேர் மற்ற பள்ளிகளில் 45 எடுக்கிறார்கள். ஊர் சராசரி 51 சொச்சம் வரும். நாட்டு சராசரி 46 என்றால், அடடா, ஐந்து புள்ளி மேலே! ஆனால் அந்த 51-ஐ எடுத்த பள்ளி ஊரில் ஒன்றுகூட இல்லை. 70 எடுத்தது உண்டு, 45 எடுத்தது உண்டு. உங்கள் பிள்ளை இந்த இரண்டில் ஒன்றில்தான் உட்காரப்போகிறான்.

இதை வைத்து மற்ற பள்ளிகளை மட்டமாக நினைத்துவிடவும் கூடாது. பாலின் ஆடையை எடுத்த பிறகு மிச்சப் பாலைச் சுவைத்துப் பார்ப்பது போன்றது அது. பரீட்சையில் தேறிய பிள்ளைகளை மேலிருந்து அள்ளிக்கொண்டு போன பிறகும், அந்தப் பள்ளிகளில் சில தங்கள் பிள்ளைகளை எதிர்பார்ப்பைவிட மேலே கொண்டுபோகின்றன. ஊரின் உண்மையான பெருமை அதுதான் என்பது என் கட்சி.

வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்க்காதே என்று கவுன்சில் சொல்லக்கூடாதா?

முடியாது. 1989-இல் லண்டனின் கிரீனிச் பகுதியை ஒட்டிய வழக்கு ஒன்றில், கவுன்சில் எல்லைக்கு அப்பால் குடியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பின்தள்ளக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் பள்ளி தனக்கென்று நியாயமான ஒரு வட்டாரத்தை வரையறுத்து அதற்கு முன்னுரிமை தரலாம். நான்கு பள்ளிகளுக்கும் விதி வெவ்வேறு. செயின்ட் பெர்னார்ட்ஸ் கத்தோலிக்கப் பிள்ளைகளை முதலில் பார்க்கும். அரசு உதவி பெறும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் பள்ளிகளும் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே போன வருடம் சேர்த்த நண்பரின் அனுபவத்தை நம்பாதீர்கள். நீங்கள் சேர்க்கப்போகும் ஆண்டுக்கான சேர்க்கை விதியைப் பள்ளியின் தளத்தில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

லெவன் பிளஸ் தேர்வு எப்படி இருக்கும்?

கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வைத்தான் லெவன் பிளஸ் என்கிறார்கள். நான்கு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. ஆறாம் ஆண்டு (10-11 வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) தொடங்கியதும், செப்டம்பரில் நடக்கும். பதிவு அதற்கு முந்தைய கோடையிலேயே, ஐந்தாம் ஆண்டு படிக்கும்போதே முடிந்துவிடும். ஆகஸ்டில் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து விசாரிப்பவர்கள் வருடா வருடம் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் தவிர ஒன்றும் இருக்காது.

இரண்டு தாள். ஆங்கிலம், சொல் சார்ந்த தர்க்கம், கணிதம், படம் சார்ந்த தர்க்கம். விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான், கட்டுரை கிடையாது. மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பிள்ளையின் வயதுக்கேற்பச் சரிசெய்வார்கள். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை செப்டம்பரில் பிறந்ததைவிட ஏறக்குறைய ஒரு வயது சின்னது, அதற்கான ஈடு இது. அப்படிச் சரிசெய்த மதிப்பெண் 111 வந்தால் தகுதி என்பது பல வருடமாக இருந்துவரும் கோடு.

தகுதி வேறு, இடம் வேறு. 111 எடுத்த எல்லோருக்கும் போதுமான இடம் இல்லை. கோட்டைத் தாண்டிய பிறகுதான் முகவரி, மதம், மதிப்பெண் வரிசை என்று ஒவ்வொரு பள்ளியின் சல்லடையும் வேலை செய்யத் தொடங்கும். 'பாஸ்' என்று மிட்டாய் கொடுத்துவிட்டு மார்ச்சில் இடம் அறிவிக்கும்போது முகம் வாடிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: ஊரின் வடமேற்கு ஓரத்தை ஒட்டி பர்னம் கிராமர் ஸ்கூல் இருக்கிறது. அது பக்கிங்ஹாம்ஷயர் பள்ளி, தேர்வும் தனி, அங்கே கோடு 121. அந்த மாவட்டத்து அரசு பிரைமரியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால் தவிரத் தேர்வு தானாகவே வந்துவிடும். ஸ்லௌவில் அப்படி இல்லை, நீங்களாகப் பதிவு செய்தால்தான் உண்டு. ஸ்லௌ பிள்ளைகள் அந்தத் தேர்வுக்கும் பதிவு செய்து எழுதலாம். பக்கத்து ரெடிங் நகரத்துக் கிராமர் ஸ்கூல்களான ரெடிங் ஸ்கூல், கெண்ட்ரிக் ஸ்கூல் தேர்வுகளையும் சிலர் சேர்த்து எழுதுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே செப்டம்பரில் மூன்று நுழைவுத் தேர்வு. எனக்கு அது பிடிக்காது, ஆனால் தடுக்க நான் யார்.

டியூஷன் இல்லாமல் முடியுமா?

முடிந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் பள்ளியில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரைமரி பள்ளிப் பாடத்தில் படம் சார்ந்த தர்க்கம் கிடையாது, தேர்வில் கேட்கும் கணிதத்தில் சில பகுதிகள் ஆறாம் ஆண்டில்தான் வரும். ஆகவே வீட்டிலோ வெளியிலோ யாராவது சொல்லித் தந்தாக வேண்டும். நம்மவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அது வீண் என்பது என் எண்ணம். நான்காம் ஆண்டு இறுதி வரை நிறையக் கதைப் புத்தகம் படிக்கட்டும், வாய்ப்பாடு நுனிநாக்கில் இருக்கட்டும். தேர்வில் நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, ஆங்கிலச் சொற்களில்தான். அதை நாலு மாதத்தில் ஊட்ட முடியாது. வில்லியம் ஸ்ட்ரீட்டில் 2016-இல் திறந்த 'தி கர்வ்' கட்டடத்தில் நூலகம் இருக்கிறது, உறுப்பினர் அட்டை இலவசம்.

மாதிரித் தேர்வு மட்டும் கடைசி ஆறு மாதத்தில் நேரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். நேரம் போதாமல்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

கிடைக்காவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் போச்சா?

என் மகனுக்கு மூன்று மார்க்கில் போனது. அக்கா படித்த பள்ளியின் கேட்டைக் கடந்துதான் அவன் தினமும் தன் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. முதல் வருடம் அவனைவிட எனக்குத்தான் வலித்தது. ஆனால் போன இடத்தில் கணித வகுப்பில் முதல் வரிசையில் இருந்தான், நாடகத்தில் சேர்ந்தான், பதினாறில் ஏ லெவலுக்கு அதே கிராமர் ஸ்கூலில் விண்ணப்பித்து உள்ளே போனான். பலருக்கும் தெரியாத வாசல் அது. கிராமர் ஸ்கூல்கள் பன்னிரண்டாம் ஆண்டில் வெளிப்பள்ளிப் பிள்ளைகளையும் ஜிசிஎஸ்ஈ மதிப்பெண் பார்த்துச் சேர்க்கின்றன.

கிராமர் அல்லாத பள்ளிகளில் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பேலிஸ் கோர்ட் பெண்கள் பள்ளி. ஈடன் கேர்ள்ஸ் இஸ்லாமிய நெறிப் பெண்கள் பள்ளி. செயின்ட் ஜோசஃப்ஸ் கத்தோலிக்கப் பள்ளி. லாங்லி அகாடமி அருங்காட்சியகத்தோடு இணைந்த கல்வி முறையில் நடப்பது, கட்டடத்தை வடிவமைத்தது ஃபாஸ்டர் நிறுவனம். வெஸ்ட்கேட், டிட்டன் பார்க், வெக்ஸம் என்று இன்னும் இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில் எல்லாப் பள்ளிகளும் மாலையில் கதவைத் திறந்து வைத்துப் பெற்றோரை அழைக்கும். அதைவிட, ஒரு சாதாரண நாளில் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளைகள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், ஆசிரியர்கள் வாசலில் நிற்கிறார்களா என்பது கையேட்டில் இருக்காது.

பள்ளிப் பட்டியலில் 'அட்டெயின்மென்ட் 8', 'புரோகிரஸ் 8' என்று போடுகிறார்களே, எதைப் பார்ப்பது?

முதலாவது, பிள்ளைகள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது. எட்டுப் பாடங்களின் மதிப்பெண்ணைக் கூட்டுவார்கள், ஆங்கிலமும் கணிதமும் இரட்டிப்பாகக் கணக்கில் வரும். ஜிசிஎஸ்ஈயில் 2017 முதல் 9-இலிருந்து 1 வரை தரம், 9 தான் உச்சம். ஆகவே மொத்தம் 90. நாட்டின் அரசுப் பள்ளிச் சராசரி 46-ஐ ஒட்டி இருக்கிறது, அதைப் பத்தால் வகுத்தால் ஒரு பாடத்துக்கு 4.6. 4 வந்தால் பாஸ், 5 வந்தால் நல்ல பாஸ் என்பது பேச்சு வழக்கு. கிராமர் ஸ்கூல்களில் இந்த எண் 70-ஐச் சுற்றி இருக்கும். அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? நல்ல நெல்லாகப் பார்த்து விதைத்தவன் விளைச்சலைக் காட்டிப் பெருமைப்படுவது மாதிரி.

இரண்டாவது, பள்ளி என்ன செய்தது என்பது. 11 வயதில் ஒரே மாதிரி மதிப்பெண் எடுத்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரோடும் ஒப்பிட்டு, இந்தப் பள்ளிப் பிள்ளை 16-இல் அவர்களுக்கு மேலா கீழா என்று பார்ப்பார்கள். பூஜ்யம் என்றால் சராசரி. 0.5 என்றால் ஒவ்வொரு பாடத்திலும் அரைத் தரம் கூடுதல். நான் இதைத்தான் பார்ப்பேன். ஒரு சிக்கல் இருக்கிறது: கொரோனாவால் 2020, 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் 2025-இலும் 2026-இலும் பதினாறை எட்டும்போது ஒப்பிட ஆரம்பப் புள்ளி இல்லை, ஆகவே அந்த இரண்டு வருடத்துக்கும் புரோகிரஸ் 8 கிடையாது. 2024 வரை உள்ளதைப் பாருங்கள். அதே மாதிரி 2020, 2021 ஜிசிஎஸ்ஈ தரங்கள் ஆசிரியர்கள் போட்டவை, மற்ற வருடங்களோடு ஒப்பிடாதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செகண்டரி வயதில் வந்த பிள்ளை இங்கே ஆறாம் ஆண்டுத் தேர்வு எழுதியிருக்காது, ஆகவே அவன் புரோகிரஸ் 8 கணக்கில் வரவே மாட்டான். பள்ளி அவனுக்காக எவ்வளவு உழைத்தாலும் அது எந்தப் பட்டியலிலும் தெரியாது.

ஆஃப்ஸ்டெட் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று பலகை மாட்டியிருந்தால் போதுமா?

ஆஃப்ஸ்டெட் என்பது 1992-இல் தொடங்கிய பள்ளி ஆய்வு அமைப்பு. பலகையில் உள்ள வருடத்தைப் பாருங்கள். 2012 முதல் 2020 வரை, ஒருமுறை உச்சத் தரம் வாங்கிய பள்ளிகளை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். பத்து வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத பலகைகள் நாடு முழுக்க இருந்தன. பக்கத்து ரெடிங்கில் 2023 தொடக்கத்தில் ஒரு பிரைமரி தலைமை ஆசிரியை ஆய்வுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார், ஆய்வும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணையில் முடிவானது. அதற்குப் பின் ஒற்றைச் சொல் தீர்ப்பை 2024 செப்டம்பரில் நிறுத்தினார்கள். 2025 நவம்பர் முதல் பாடத்திட்டமும் கற்பித்தலும், வருகையும் நடத்தையும் என்று தனித்தனியாக ஐந்து படிகளில் தரம் போடும் அறிக்கை வருகிறது. முழு அறிக்கையையும் படியுங்கள், பெரிய நீளம் ஒன்றும் இல்லை.

ஊரில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். இங்கே எந்த வகுப்பு?

பெரும்பாலும் ஆறாம் ஆண்டு, அங்கே உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. வயதுதான் கணக்கு, ஃபெயில் செய்வதும் இல்லை, இரட்டைப் பிரமோஷனும் இல்லை. நாலு வயது முடிந்த செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு தொடங்கும்.

பிரைமரியில் தேர்வே இல்லை என்று நினைக்காதீர்கள். முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சோதனை, 40 சொற்கள். நான்காம் ஆண்டில் கணினியில் வாய்ப்பாடு, 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. (நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால் சிரிப்பார்கள்.) ஆறாம் ஆண்டு மே மாதத்தில் சாட்ஸ்: வாசிப்பு, இலக்கணம், கணிதம். 100 வந்தால் எதிர்பார்த்த தரம். வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் அந்தத் தரத்தை எட்டியவர்கள் நாட்டளவில் 2019-இல் 65 சதவீதம், 2024-இல் 61. கொரோனா விட்ட பள்ளம் இன்னும் மூடவில்லை. லெவன் பிளஸ்ஸுக்கும் சாட்ஸுக்கும் தொடர்பில்லை, சாட்ஸ் வருவதற்குள் செகண்டரி இடம் முடிவாகியிருக்கும்.

பிள்ளைக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஒதுக்கிவிடுவார்களா?

இந்த ஊரில் அந்தக் கவலை வேண்டாம். ஸ்லௌ பிரைமரி பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள். நாட்டளவில் எல்லாப் பள்ளிகளையும் சேர்த்தால் அது ஐந்தில் ஒருவர் அளவுதான். 1920-களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இது வந்தேறிகளின் ஊர். வேலையில்லாக் காலத்தில் வேல்ஸ்காரர்கள் வந்தார்கள், போருக்குப் பின் போலந்துக்காரர்கள், அப்புறம் பஞ்சாபிகள், பாகிஸ்தானியர்கள். மார்ஸ் சாக்லெட் 1932-இல் முதலில் செய்யப்பட்டது இங்கேதான். புதிதாக வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆறு மாதத்தில் பேசிவிடுவான். பாடப்புத்தக ஆங்கிலம் பிடிபட இன்னும் சில வருடம் ஆகும், அதில் பொறுமை தேவை.

வீட்டில் ஆங்கிலம் பேசச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். தமிழிலேயே பேசுங்கள். ஜிசிஎஸ்ஈயில் பஞ்சாபி, உருது, வங்காளம், குஜராத்தி எல்லாம் தேர்வுப் பாடமாக இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆகவே தமிழுக்கு வீடும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும்தான் கதி.

கவுன்சில் திவாலாகிவிட்டதாமே, பள்ளிகள் பாதிக்கப்படுமா?

2021 ஜூலையில் ஸ்லௌ கவுன்சில் 114 நோட்டீஸ் விட்டது உண்மை. கட்டாயச் சேவைகளைத் தவிரப் புதிய செலவு செய்ய முடியாது என்று அர்த்தம். அரசு ஆணையர்களை அனுப்பி மேற்பார்வையில் வைத்தது. ஆனால் பள்ளிகளுக்கான பணம் தனி மானியமாக வருகிறது, கவுன்சிலின் கடனை அடைக்க அதைத் தொட முடியாது. அதோடு இங்குள்ள செகண்டரி பள்ளிகளில் பெரும்பாலானவை அகாடமிகள், அதாவது மத்திய அரசிடமிருந்து நேரடியாகப் பணம் பெற்றுத் தனி அறக்கட்டளையின் கீழ் நடப்பவை. வகுப்பறையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நூலகம் போன்ற வெளிச் சேவைகளில்தான் கை வைத்தார்கள்.

விசாவில் இருக்கிறோம். கட்டணம், மதிய உணவு எப்படி?

வேலை விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இலவசம். 'அரசு உதவி பெறக்கூடாது' என்று விசாவில் எழுதியிருப்பது பள்ளிக்குப் பொருந்தாது. ரிசப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை எல்லோருக்கும் இலவச மதிய உணவு உண்டு. சைவம் என்றால் முதல் நாளே எழுதிக் கொடுங்கள், முட்டை பற்றித் தனியாகச் சொல்லுங்கள்.

ஒரு கசப்பான சேதி: நிரந்தர வசிப்புரிமை கிடைக்காத பிள்ளை பதினெட்டில் பல்கலைக்கழகம் போகும்போது பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்கள். பத்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளையோடு வருபவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

'ஸ்லௌ அண்ட் ஈட்டன்' பள்ளிதான் பிரதமர்கள் படித்த ஈட்டனா?

இல்லை, இல்லை. இது ஸ்லௌவில் உள்ள, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த அரசுப் பள்ளி. அந்த ஈட்டன் கல்லூரி 1440-இல் ஆறாம் ஹென்றி மன்னர் தொடங்கியது, இங்கிருந்து இரண்டு மைல், ஆண்கள் மட்டும், தங்கிப் படிப்பது. 2025 ஜனவரியில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் 20 சதவீத வரி வந்தபின் வருடக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. உதவித்தொகை உண்டு, ஆனால் பெயர்ப் பொருத்தத்தை நம்பி விண்ணப்பித்தவர் ஒருவரை எனக்கே தெரியும்.

எப்போது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

செகண்டரிக்கு அக்டோபர் 31, முடிவு மார்ச் 1. பிரைமரிக்கு ஜனவரி 15, முடிவு ஏப்ரல் 16. பள்ளி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலிடம்தான் படிவம் போகும். லெவன் பிளஸ் முடிவு அக்டோபர் நடுவில் வந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு வரிசையை முடிவு செய்யலாம். நீங்கள் எந்தப் பள்ளியை முதலாவதாகப் போட்டீர்கள் என்று பள்ளிகளுக்குத் தெரியாது, ஆகவே தந்திரமெல்லாம் வேண்டாம், உண்மையாகப் பிடித்த வரிசையில் எழுதுங்கள். ஆனால் கிராமர் ஸ்கூல்களை மட்டும் போட்டுவிட்டு மீதிக் கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஊரின் மறுமூலையில் யாரும் விரும்பாமல் மிஞ்சிய இடத்தைத் தருவார்கள்.

வருட நடுவில் வருகிறவர்களுக்கு எங்கே இடம் காலியோ அங்கேதான். ரிசப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை வகுப்புக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம், அதனால் கெஞ்சிப் பயனில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டுக் கிடைத்த பள்ளியில் சேர்த்துவிடுங்கள், ஜூலையில் பலர் வீடு மாறும்போது இடம் திறக்கும்.

சரி, கடைசியாக: எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம்?

பிரைமரி வயதுப் பிள்ளை என்றால் நடந்து போகும் தூரத்தில் பிடித்த ஒரு பிரைமரியை முதலில் பாருங்கள், அப்புறம் வீடு. லாங்லி பக்கம் லண்டனுக்கு நேராகப் போகும் எலிசபெத் லைன் ரயில் இருப்பதால் வாடகை சற்றுக் கூடுதல், நம்மவர்களும் அங்கே அதிகம். கிராமர் இடம் குறி என்றால் நீங்கள் நினைத்திருக்கும் பள்ளியின் வட்டார வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள், ஒரு தெரு தள்ளிப் போனாலும் கணக்கு மாறலாம். வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் வரி ரசீதும் அக்டோபர் 31-க்கு முன்னால் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். சோதிப்பார்கள், கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தைப் பறித்துக்கொள்வார்கள்.